திருமண கேக்

திருமண கேக் என்பது திருமண விருந்தின்போது மணமக்கள் வெட்டி விருந்தினருக்குப் பகிர்ந்தளிக்கும் கேக் ஆகும். தமிழில் இதனைத் திருமண அணிச்சல் என எழுதுவாரும் உளர். வெண்ணிறப் பூச்சுடன் அடுக்கடுக்காக உயரும் இதன் பரவலான வடிவம், 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் உருவானது. பிரித்தானியர் ஆட்சியின் வழியாக இலங்கை, இந்தியா முதலிய நாடுகளிலும் இவ்வழக்கம் வேரூன்றியது.

திருமண கேக் இரண்டு பணிகளைச் செய்யவேண்டியுள்ளது. முதலில், மண்டபத்தில் இருக்கும் எல்லோருடைய கண்ணிலும் படும்படி நிற்கவேண்டும். பின்னர், துண்டுகளாகி எல்லோருடைய கைக்கும் போய்ச்சேரவேண்டும். இவ்விரண்டும் எளிதில் ஒத்துப்போவதில்லை. உயரமாக நிற்கக்கூடிய கேக் பெரும்பாலும் கனமானதும் இறுக்கமானதும் ஆகும். உண்பதற்கு மென்மையான கேக்கோ வெப்பத்திலும் எடையிலும் சரிந்துவிடும். கேக்கின் வரலாற்றில் ஏற்பட்ட மாற்றங்கள் பலவற்றுக்கும், இன்று கேக்கையும் அதனுடன் பரிமாறும் இனிப்புகளையும் தேர்வு செய்வோர் எதிர்கொள்ளும் கேள்விகளுக்கும் இம்முரண்பாடே அடிப்படையாக உள்ளது.

வரலாறு

தொடக்கம்

திருமணத்தின்போது தானியத்தாலான பண்டத்தைப் பகிர்ந்துண்ணும் வழக்கம் பண்டைய உரோமில் இருந்தது. உயர்குடியினர் செய்துகொண்ட ஒருவகைத் திருமணத்தில், பத்துச் சாட்சிகளின் முன்னிலையில் மணமக்கள் ஒரு கோதுமைவகையில் செய்த அப்பத்தைப் பகிர்ந்துண்டனர். திருமண கேக் இதிலிருந்தே தோன்றியது என்று பல நூல்களில் எழுதப்பட்டிருப்பினும், உரோமரின் அப்பத்துக்கும் பிற்கால ஆங்கிலேயக் கேக்குக்கும் இடையே அறுபடாத தொடர்பு எதுவும் காட்டப்படவில்லை. மணமகளின் தலைக்கு மேல் அப்பத்தை உடைப்பதும், தானியம் தூவுவதும் ஐரோப்பாவின் பல பகுதிகளில் வழக்கில் இருந்தன. தானியம் வளத்தின் குறி என்பது பல சமூகங்களுக்கும் பொதுவான எண்ணமாகும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருமண விருந்தின் சிறப்புப் பண்டம் கேக் அன்று. மாவினால் மூடி வெதுப்பப்பட்ட இறைச்சிப் பண்டமே அந்த இடத்தைப் பெற்றிருந்தது. 1660இல் முதன்முதலாக வெளியான இராபர்ட் மே என்பவரின் சமையல் நூலில் இதற்கான செய்முறை காணப்படுகின்றது. சிப்பி, சேவற்கொண்டை முதலியவற்றை உள்ளடக்கிய இப்பண்டத்தின் ஒரு பகுதியில் உயிருள்ள பறவைகளையோ பாம்பையோ வைத்து, அதைத் திறக்கும்போது விருந்தினரை வியக்கவைக்கலாம் என்றும் அந்நூல் கூறுகின்றது. உண்பதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று என்னும் பிரிவு அப்போதே இருந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

18ஆம் நூற்றாண்டில் உலர்பழங்கள் சேர்ந்த கேக் அவ்விடத்தைப் பிடித்தது. எலிசபெத் இராபால்டு 1769இல் வெளியிட்ட நூலில், மணமகள் கேக்கின் மேல் முதலில் பாதாம் பசையும் அதன்மேல் சர்க்கரைப் பூச்சும் இடும் முறையை விளக்கியுள்ளார். இவ்விரட்டைப் பூச்சு இன்றுவரை மரபுவழித் திருமண கேக்கின் அடையாளமாக இருந்துவருகின்றது.

வெண்மையின் விலை

இக்காலத்தில் வெண்ணிறப் பூச்சைக் கண்டதும் மணமகளின் தூய்மையைக் குறிப்பது என்று விளக்கம் கூறப்படுவதுண்டு. ஆனால் அப்பூச்சு தோன்றிய காலத்தில் அது எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செல்வத்தையே காட்டியது. சர்க்கரையை எவ்வளவுக்குத் தூய்மைப்படுத்துகிறோமோ அவ்வளவுக்கு அது வெண்மையாகும்; விலையும் அவ்வாறே ஏறும். பழுப்பேறிய பூச்சு சிக்கனத்தையும், பளிச்சென்ற பூச்சு வசதியையும் வந்தோருக்குச் சொல்லாமற் சொல்லின. அக்காலத்தில் பிரித்தானியாவுக்கு வந்த சர்க்கரையின் பெரும்பகுதி கரிபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பினால் விளைந்தது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. சர்க்கரை மீதான இறக்குமதி வரி 1874இல் நீக்கப்பட்டது. அதன் பின்னரே வெண்ணிறக் கேக் எளிய குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று.

கேக்கின் வழக்கங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் சைமன் சார்ஸ்லி 1992இல் இதுபற்றி ஒரு நூலை வெளியிட்டார். இத்தகைய வழக்கங்களில் செயல் முன்னரும் அதற்கான பொருள் விளக்கம் பின்னரும் தோன்றுவதை அவரது ஆய்வுகள் எடுத்துக்காட்டுகின்றன. மணமக்கள் இருவரும் சேர்ந்து கத்தியைப் பிடிப்பதும் இதற்கு எடுத்துக்காட்டாகலாம். தொடக்கத்தில் மணமகளே கேக்கை வெட்டினார்; சர்க்கரைப் பூச்சு கெட்டியானபோது ஒருவர் கைவலிமை போதாமையால் மணமகனும் கைகொடுக்க நேர்ந்தது என்று சொல்லப்படுகின்றது. அது ஒற்றுமையின் குறியீடு எனக் கூறப்படுவது பின்னைய விளக்கமே.

அரச குடும்பத்துக் கேக்குகள்

1840 பெப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா அரசிக்கும் இளவரசர் ஆல்பர்ட்டுக்கும் நடைபெற்ற திருமணத்தின் கேக் ஏறத்தாழ 136 கிலோகிராம் எடையும் 2.7 மீட்டர் சுற்றளவும் கொண்டிருந்தது. ஆயினும் அதன் தடிப்பு 35 சென்ரிமீட்டர் அளவே. அது அடுக்குக் கேக் அன்று; மேலே சர்க்கரையால் செய்த உருவங்களைத் தாங்கிய ஒரு பெரிய தட்டையான கேக் ஆகும். அதன் துண்டுகள் பலருக்கும் அனுப்பப்பட்டன. அவற்றுள் எஞ்சியிருந்த ஒன்று 2016இல் இலண்டனில் 1,500 பவுண்டுகளுக்கு ஏலம் போனது.

அடுக்குகள் அதன் பின்னரே வந்தன. விக்டோரியாவின் மூத்த மகளின் திருமணத்தில் (1858) கேக் உயர்ந்து நின்றது. ஆனால் அடியிலிருந்த பகுதி மட்டுமே உண்ணத்தக்க கேக். மேலே இருந்தவை சர்க்கரையால் கட்டியவை. 1882இல் நடைபெற்ற இளவரசர் லியோபோல்டின் திருமணக் கேக்கே எல்லா அடுக்குகளும் உண்மையான கேக்காக அமைந்த முதலாவது எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றது. அடுக்குகளைத் தூண்களால் பிரித்து உயர்த்தும் முறை அதற்குப் பின்னர் பரவியது.

இலண்டன் பிளீட் தெருவிலுள்ள புனித பிரைட் தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்த்து வில்லியம் ரிச் என்னும் வெதுப்பகத்தார் அடுக்குக் கேக்கைச் செய்தார் என்ற கதை மிகவும் பெயர்பெற்றது. கிறிஸ்தோபர் ரென் வடிவமைத்த அக்கோபுரம் 1703இல் நிறைவுற்றது. படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் அதன் அமைப்பு கேக்கை நினைவூட்டுவது உண்மையே. எனினும் அரச திருமணங்களில் அடுக்குகள் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தே தோன்றியமையால், இக்கதையை வரலாறாகக் கொள்வது கடினம்.

போர்க்காலமும் அட்டைக் கேக்கும்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் சர்க்கரை பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. 1940ஆம் ஆண்டின் ஒரு கட்டளையினால், வெதுப்பிய கேக்கின் வெளிப்புறத்தில் சர்க்கரை இடுவது தடைசெய்யப்பட்டது. ஆனால் திருமணங்கள் நிற்கவில்லை. வெதுப்பகங்கள் அட்டையாலும் சாந்தினாலும் வெண்ணிற அடுக்குக் கேக் போன்ற கூடுகளைச் செய்து வாடகைக்கு வழங்கின. கூட்டைத் தூக்கினால் உள்ளே, உறவினரும் அயலவரும் தம் பங்கிலிருந்து சேர்த்துக் கொடுத்த பொருட்களால் ஆன சிறிய கேக் இருக்கும். படம் எடுக்கும்வரை கூடு அதன் மேல் இருந்தது. அக்காலத்துத் திருமணப் படங்களில் காணப்படும் பெரிய கேக்குகளை இதனை நினைவிற்கொண்டே பார்க்கவேண்டும்.

1947 நவம்பர் 20ஆம் நாள் இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடைபெற்றபோதும் பங்கீட்டு முறை நீடித்தது. நான்கு அடுக்குகளும் ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரமும் 227 கிலோகிராம் எடையும் கொண்ட அக்கேக்குக்கான பொருட்கள் வெளிநாடுகளிலிருந்து அன்பளிப்பாக வந்தன. ஆத்திரேலியச் சாரணியர் சர்க்கரை உள்ளிட்டவற்றை அனுப்பியமையால் அது "10,000 மைல் கேக்" என்று அழைக்கப்பட்டது. சர்க்கரைப் பங்கீடு 1953இல்தான் முடிவுக்கு வந்தது.

பழக் கேக்கின் அமைப்பு

மரபுவழிப் பிரித்தானியத் திருமண கேக், உலர்திராட்சை, சர்க்கரையில் ஊறிய பழத்தோல், வாசனைப் பொருட்கள், பிராந்தி போன்ற மதுவகை என்பன சேர்ந்த பழக் கேக் ஆகும். திருமணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்னரே, குறைந்த வெப்பத்தில் பல மணிநேரம் வெதுப்பி இதனை ஆயத்தம் செய்வர். பின்னர் இடையிடையே சிறிதளவு மதுவை அதன்மேல் ஊற்றி ஊறவைப்பர்.

இவ்வாறு முன்னதாகச் செய்ய முடிவதற்குக் காரணம் அதன் சேர்க்கையே. கேக்கிலுள்ள நீரைப் பழங்களிலும் மாவிலும் உள்ள சர்க்கரை பிணைத்து வைத்திருக்கின்றது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய கட்டற்ற நீர் அங்கு மிகக் குறைவு. மதுவும் மேற்பரப்பில் பூஞ்சை வளர்வதைத் தடுக்க உதவுகின்றது. ஊறுகாய் கெடாதிருப்பதற்கு உப்பு செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கின்றது எனலாம்.

பூச்சுகளுக்கும் தனித்தனிப் பணிகள் உண்டு. அரைத்த பாதாமும் சர்க்கரையும் சேர்ந்த மார்சிபன் என்னும் பசையை ஆப்ரிகாட் பழப்பாகு தடவிய கேக்கின் மேல் ஒட்டுவர். இது மேடுபள்ளங்களைச் சமன் செய்வதோடு, பழக் கேக்கின் கருநிறம் வெண்ணிறப் பூச்சில் ஊறாமல் தடுக்கின்றது. பாதாமின் எண்ணெயும் மேலே கசியக்கூடும் என்பதால், பசையைச் சில நாட்கள் உலரவிட்ட பின்னரே அடுத்த பூச்சை இடவேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால், திருமண நாளன்று வெண்மையின் நடுவே மஞ்சட் கறைகள் தோன்றும். மேற்பூச்சான ரோயல் ஐசிங் என்பது முட்டை வெண்கருவையும் தூளாக்கிய சர்க்கரையையும் அடித்துச் செய்யப்படுவது. உலர்ந்ததும் ஓடுபோல் கெட்டியாகிவிடும் என்பதால், வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையாக்கக் கிளிசரின் சிறிது சேர்ப்பர். பச்சை முட்டையினால் சால்மொனெல்லா தொற்று ஏற்படக்கூடுமாதலால், பாச்சர்முறையில் பதப்படுத்திய வெண்கருவையோ வெண்கருத் தூளையோ பயன்படுத்துவது பாதுகாப்பானது.

நீண்டநாள் இருக்கும் தன்மையே பழக் கேக்கைச் சுற்றிய வழக்கங்களுக்குக் காரணமாயிற்று. வரமுடியாத உறவினருக்குத் துண்டுகளைச் சிறு பெட்டிகளில் அஞ்சலில் அனுப்பினர். உச்சி அடுக்கை முதற் குழந்தையின் திருமுழுக்குக்காக எடுத்துவைத்தனர். திருமணமாகாத பெண்கள் ஒரு துண்டைத் தலையணையின் கீழ் வைத்துறங்கினால் வருங்காலக் கணவரைக் கனவில் காண்பர் என்ற நம்பிக்கையும் நிலவியது. பஞ்சுபோன்ற ஸ்பஞ்ச் கேக்கைத் தலையணையின் கீழ் வைத்தால் மறுநாள் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இலங்கையில்

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக்கு வந்த பழக் கேக், அங்குள்ள பொருட்களைச் சேர்த்துக்கொண்டு வேறொரு சுவையைப் பெற்றது. இது ரிச் கேக் என அழைக்கப்படுகின்றது. கோதுமை மாவுக்குப் பதிலாக ரவையும், பாதாமுக்குப் பதிலாக முந்திரிப் பருப்பும் (கஜு) இதில் இடம்பெறுகின்றன. சர்க்கரைப் பாகில் இட்டுப் பதப்படுத்திய நீற்றுப்பூசணி, இஞ்சிப் பாகு, பன்னீர், தேன், கறுவா, ஏலம், கராம்பு ஆகியனவும் சேர்க்கப்படும். மேலே இடும் பசையும் பெரும்பாலும் முந்திரிப் பருப்பினாலானதே.

காட்சிக்கும் உணவுக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு இலங்கையர் கண்ட தீர்வு தெளிவானது: இரண்டையும் முற்றாகப் பிரித்துவிட்டனர். மண்டபத்தில் நிற்கும் உயர்ந்த கேக் பெரும்பாலும் ரெஜிபோம் (தமிழ்நாட்டில் தெர்மோகோல்) அடுக்குகளின் மேல் ஐசிங் இட்ட கட்டமைப்பே. மணமக்கள் வெட்டுவதற்காக அதில் ஒரு சிறு பகுதி மட்டும் உண்மையான கேக்காக இருக்கும். விருந்தினருக்குரிய ரிச் கேக் தனியாக வெதுப்பப்பட்டு, விரலளவுத் துண்டுகளாகத் தாளில் சுற்றி, மணமக்களின் பெயர் பொறித்த சிறு பெட்டிகளில் முன்னரே ஆயத்தமாக இருக்கும். அதை விருந்தினர் அங்கேயே உண்பதில்லை, வீட்டுக்கு எடுத்துச்செல்வர். வெப்பமான நாட்டில், பயணத்திலும் கெடாத கேக் ஒன்றினால்தான் இது இயல்வதாகின்றது.

சிங்கள, பறங்கிய சமூகத்தவரிடமும் கிறித்தவத் தமிழரிடமும் காணப்படும் இவ்வழக்கம், இந்துத் தமிழரின் திருமண வரவேற்பிலும் இடம்பெற்றுவிட்டது. தாலிகட்டு மணவறையில் மரபுப்படி நடைபெற, கேக் வெட்டுதல் வரவேற்பு நிகழ்வுக்கு உரியதாக இருக்கின்றது. தமிழ்நாட்டிலும் கிறித்தவத் திருமண வரவேற்புகளில் கேக் வெட்டுவது நெடுநாளைய வழக்கமாகும்.

தேர்வில் கருதவேண்டியவை

கேக்கைத் தேர்வு செய்வோர் பெரும்பாலும் வடிவப் படங்களிலிருந்து தொடங்குகின்றனர். கேக் எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நிற்கப்போகின்றது என்பதிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது. ஏனெனில் பூச்சின் வகையை அதுவே முடிவு செய்கின்றது. வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகுகின்றது. அதற்கு முன்னரே மென்மையாகித் தன் வடிவத்தை இழக்கத் தொடங்கும். குளிரூட்டப்படாத மண்டபத்தில், சித்திரை வைகாசி வெயிலில், வெண்ணெய்ப் பூச்சுக் கேக் சில மணிநேரம் நிற்கும் என எதிர்பார்க்க முடியாது. தாவரக் கொழுப்பினாலான பூச்சு அதனிலும் உறுதியாக நிற்கும். ஆனால் வாயில் பிசுபிசுப்பை விட்டுச்செல்லும். பாலாடை (கிரீம்) சேர்ந்த கேக்குகளைப் பரிமாறும் வரை குளிர்பெட்டியில் வைத்திருத்தல் இன்றியமையாதது. அறை வெப்பநிலையில் இரண்டு மணிநேரமும், 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணிநேரமும் கடந்தால் அத்தகைய உணவைத் தவிர்க்கவேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. பிசைந்து விரித்துப் போர்த்தும் பாண்டன்ட் என்னும் சர்க்கரைப் பூச்சு வெப்பத்தை ஓரளவு தாங்குகின்றது. ஆனால் குளிர்பெட்டியிலிருந்து ஈரப்பதமான காற்றுக்குக் கொண்டுவரும்போது அதன்மேல் நீர் அரும்பி நிறங்கள் கலங்கிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, திருமணத் துண்டு பிறந்தநாள் துண்டைவிடச் சிறியது. 4 அங்குல உயரமுள்ள கேக்கில் 1 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்ற அளவில் வெட்டினால், 6, 8, 10, 12 அங்குல விட்டமுள்ள வட்டக் கேக்குகள் முறையே ஏறத்தாழ 12, 24, 38, 56 பேருக்குப் போதுமானவை. நான்கையும் அடுக்கினாலும் 130 பேருக்குத்தான் வரும். உச்சி அடுக்கை எடுத்துவைத்தால் 118. ஆயிரம் பேர் வரும் திருமணத்தில் அடுக்குக் கேக் ஒன்றே எல்லோருக்கும் போதும்படி செய்வது வீண் செலவாகும். அதே சுவையில் சாதாரணத் தட்டுக் கேக்குகளைச் செய்து சமையற்கூடத்திலேயே வெட்டிப் பரிமாறுவது வெதுப்பகங்களில் வழக்கமான முறை. செறிவான பழக் கேக்கை இன்னும் சிறிதாக வெட்டலாம். 12 அங்குலச் சதுரக் கேக் ஒன்று 1 அங்குலச் சதுரத் துண்டுகளாக 144 பேருக்குக் காணும்.

அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சும்மா வைக்கப்படுவதில்லை. ஒவ்வோர் அடுக்கின் கீழும் ஒரு பலகையும், கீழ் அடுக்கின் உள்ளே அப்பலகையைத் தாங்கும் குச்சிகளும் இருக்கும். மேலுள்ள எடையைத் தாங்குபவை குச்சிகளே, கேக் அன்று. இவையின்றி ஸ்பஞ்ச் கேக்கை அடுக்கினால் மேலடுக்கு மெல்லக் கீழே அமிழும். வண்டியில் கொண்டுசெல்லும்போது அடுக்குகளைத் தனித்தனியே எடுத்துச்சென்று மண்டபத்தில் பொருத்துவதே நல்லது. வெட்டுவோர் குச்சிகளின் எண்ணிக்கையை முன்னரே அறிந்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டதை உறுதிசெய்யவேண்டும்.

இயற்கைப் பூக்களால் அணிசெய்வது பரவலாகியுள்ளமையால் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. எல்லாப் பூக்களும் உணவைத் தொடத்தக்கவை அல்ல. எளிதில் கிடைக்கும் அரளி முழுவதும் நச்சுத்தன்மையுடையது. கடையில் வாங்கும் உரோசாவில் பூச்சிகொல்லி இருக்கக்கூடும். மினுக்கத் தூள்களிலும் "நச்சற்றது" என்ற குறிப்பு, அது உண்ணத்தக்கது என்று பொருள்படாது.

விருந்தினரின் உணவு வழக்கங்களும் தேர்வை மாற்றும். மரக்கறி உணவினர் பலருக்கு முட்டையற்ற கேக் தேவைப்படும். முசுலிம்களுக்கும் மதுவைத் தவிர்ப்போருக்கும் பழங்களைப் பழச்சாற்றில் ஊறவைத்துக் கேக் செய்யலாம். ஆனால் அது மதுவில் ஊறிய கேக்கைப் போல் நீண்டநாள் இராது என்பதால் திருமணத்துக்கு அண்மையிலேயே வெதுப்பவேண்டும். பாதாம், முந்திரி ஆகியவற்றால் ஒவ்வாமை உடையவர்களுக்குச் சிறு துண்டும் ஆபத்தாகக்கூடும். பெட்டியில் கொடுக்கப்படும் கேக் யார் கைக்குப் போய்ச்சேரும் என்று தெரியாதாகையால், அதில் சேர்ந்தவற்றைப் பெட்டியிலேயே அச்சிடுவது நலம்.

பிரித்தானியாவிலேயே பழக் கேக்கின் தனியாட்சி முடிந்துவிட்டது. 2011இல் இளவரசர் வில்லியமின் திருமணத்தில் எட்டு அடுக்குப் பழக் கேக்குடன், வெதுப்பாமலே செய்யும் சாக்கலேட் பிசுக்கோத்துக் கேக் ஒன்றும் வைக்கப்பட்டது. 2018இல் இளவரசர் ஹரியின் திருமணத்தில் எலுமிச்சையும் எல்டர் மலரும் சேர்ந்த, வெண்ணெய்ப் பூச்சுடைய கேக் இடம்பெற்றது. ஸ்பஞ்ச் கேக்கை விரும்புவோர் உச்சி அடுக்கை ஓராண்டுக்கு எடுத்துவைக்க எண்ணினால் உறைநிலையில்தான் வைக்கவேண்டும். அப்போதும் சுவை குன்றும்.

பிற நாடுகளில்

பிரான்சில் கேக்குக்குப் பதிலாக, பாலேடு நிரப்பிய சிறு மாவுருண்டைகளைச் சர்க்கரைப் பாகினால் ஒட்டிக் கூம்பாக உயர்த்திய குரோக்கெம்பூசு என்னும் இனிப்பு வழங்கப்படுகின்றது. கூம்பைத் தாங்கும் முறுகற் பாகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இளகுமாதலால், கடற்கரையோர வெப்பநாடுகளுக்கு இது ஏற்றதன்று. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் பாதாம் மாவினாலான வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவர். இத்தாலியில் சர்க்கரை பூசிய ஐந்து பாதாம் பருப்புகள் விருந்தினருக்குப் பரிசாகக் கொடுக்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், மணமகனுக்கெனச் சாக்கலேட்டினாலான தனிக்கேக் செய்யும் வழக்கம் உண்டு.

யப்பானில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருமண மண்டபங்கள் உண்ணமுடியாத, மிக உயரமான செயற்கைக் கேக்குகளைப் பயன்படுத்தின. கத்தி இறங்குவதற்கான பிளவு ஒன்று அவற்றில் முன்னரே அமைக்கப்பட்டிருக்கும். மணமக்கள் கத்தியை அதனுள் செலுத்தி, படம் எடுத்து முடியும்வரை அப்படியே நிற்பர். அக்கேக் அடுத்த திருமணத்துக்கும் பயன்படும்.